எலும்பு மீட்புச் சவ்வு

தாடை போன்ற இடங்களில் எலும்பு கரைந்து உண்டான குழிவை மூடி, அங்கே புது எலும்பு வளர வழிசெய்யும் மெல்லிய உயிரிப்பொருள் தகடு எலும்பு மீட்புச் சவ்வு எனப்படும். ஈறு விரைவாக வளரும். எலும்பு மெதுவாக வளரும். இடையே தடுப்பு இல்லையென்றால் குழிவை ஈறே நிரப்பிவிடும். இன்று பரவலாகப் பயன்படும் சவ்வுகள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை.

கொலாஜனும் சென்னையும்: 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று அங்கிருந்த இயற்பியலாளர் ஜி. என். இராமச்சந்திரனிடம் கூறினார். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிய கயிறாக அமைந்திருப்பதை 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் விளக்கினர்.

தடுப்புச் சவ்வு: புண்ணை முதலில் எட்டும் செல்லே அது ஆறும் விதத்தை முடிவுசெய்கிறது என்று 1976-இல் மெல்ச்சர் கருதினார். 1982-இல் நைமன் குழுவினர் வடிகட்டிச் சவ்வைக் கொண்டு மனிதப் பல்லில் இதைச் சோதித்தனர். 1988-இல் டாலின் குழுவினர் டெஃப்லான் வகைச் சவ்வால் மூடி எலிகளின் தாடை எலும்பை வளர்த்துக் காட்டினர். அச்சவ்வை அகற்ற இரண்டாம் அறுவை தேவைப்பட்டது. உடலிலேயே கரையும் கொலாஜன் அந்தச் சிரமத்தைப் போக்கியது. அது மிக விரைவில் கரைந்துவிடாமலிருக்க, தோல் பதனிடவும் பயன்படும் குளூட்டரால்டிஹைடு போன்ற பொருள்களால் இழைகள் பிணைக்கப்படுகின்றன.

மேற்பூச்சும் ஸ்டெம் செல்லும்: எலும்பு மஜ்ஜையில் எலும்பாக மாறவல்ல செல்கள் (ஸ்டெம் செல்கள்) இருப்பதை 1960-களிலிருந்து ஃப்ரீடன்ஸ்டைன் காட்டினார். எலும்பைத் தூண்டும் பொருள் எலும்புக்குள்ளேயே உண்டு என்பதை 1965-இல் யூரிஸ்ட் நிறுவினார். இவ்விரண்டும் சேர்ந்தபோது சவ்வின் பணி விரிந்தது. எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டையோ எலும்பைத் தூண்டும் பிஎம்பி-2 புரதத்தையோ பூசினால், சவ்வில் ஒட்டும் ஸ்டெம் செல்கள் எலும்புச் செல்லாக மாறத் தூண்டப்படுகின்றன. சிப்பியினத்தின் ஒட்டும் புரதத்தைப் பின்பற்றி 2007-இல் அறிமுகமான பாலிடோபமைன் பூச்சு, பலவகைப் பரப்புகளில் இத்தகைய பொருள்களை நிலைநிறுத்த உதவுகிறது.

இந்தியாவில்: கொலாஜன் சவ்வுகள் பல் மருத்துவத்தில் வழக்கத்தில் உள்ளன, மீன் கொலாஜன் சவ்வு சென்னையிலேயே தயாரிக்கப்பட்டுள்ளது. ஸ்டெம் செல் ஏற்றிய சவ்வு இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இத்தகைய சிகிச்சையை முறைப்படி அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்கு வெளியே நோயாளிக்கு வழங்கக் கூடாது.