புழு சொல்லிக்கொடுத்த பல்: செயின் சா சங்கிலியின் கதை

1946-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஓரிகன் மாநிலம். விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கோடரியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பழைய அடிமரத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவர் பெயர் ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ். மரம் வெட்டுவதுதான் அவர் தொழில். அவர் பார்த்தது ஒரு வண்டின் புழு. ஆள்காட்டி விரல் பருமன் இருக்கும். அது மரத்தைத் தின்றுகொண்டே போனது. இழை ஓடும் திசையிலும் போனது, இழைக்குக் குறுக்கேயும் போனது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குச் சிரமமே இல்லை!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். மரம் அறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். இழையோடு பிளப்பது சுலபம், குறுக்கே அறுப்பதுதான் பாடு. அந்தப் பாட்டைத் தீர்க்க வழி தெரியாமல்தான் அன்றைய செயின் சாக்கள் திணறிக்கொண்டிருந்தன.

கொஞ்சம் பின்னால் போவோம். செயின் சாவின் முன்னோர் பிறந்தது காட்டில் அல்ல, மருத்துவர்களின் கையில்! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள் கையால் இழுக்கும் சிறிய சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். கண்ணிகளில் பல் இருக்கும், இரண்டு முனையிலும் கைப்பிடி இருக்கும். பிரசவத்தில் குழந்தை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டால் தாயின் இடுப்பெலும்பு இணைப்பை வெட்டவும், நோய் பிடித்த எலும்பை எடுக்கவும் அது பயன்பட்டது. 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடும் எலும்பு ரம்பம் ஒன்றைச் செய்தார். படத்தைப் பார்த்தால் இன்றைய செயின் சாவின் பொம்மை மாதிரியே இருக்கும்.

மரத்துக்கு வந்தது 1920-களில்தான். ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் ஒன்றைச் செய்தார். எடை 48 கிலோ. 1927-இல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் இயந்திரத்தை ஜெர்மனியின் டோல்மார் மலையில் ஓட்டிக் காட்டினார். அந்த மலையின் பெயரே பிறகு நிறுவனத்துக்கும் பெயரானது. இவற்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இஞ்சின் பக்கம், இன்னொருவர் பாரின் மறுமுனையில்.

இஞ்சின் வந்துவிட்டது. ஆனால் பல் மட்டும் பழைய பல்லாகவே இருந்தது! இதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம்.

அதுவரை அமெரிக்கக் காடுகளில் இருவர் இழுக்கும் நீண்ட ரம்பம்தான் ராஜா. அதற்குத் தொழிலாளிகள் வைத்த செல்லப்பெயர் 'துன்பச் சாட்டை'. இழுத்தவர்கள் வைத்த பெயர், தப்பாக இருக்காது. அதில் இரண்டு வகைப் பற்கள் உண்டு. ஒரு வகை, மரத்தின் இழையை இருபுறமும் கீறி அறுக்கும். இன்னொரு வகை, அறுபட்ட இழையை வாரி வெளியே தள்ளும். இந்த இரண்டு பல்லையும் அப்படியே எடுத்துச் சங்கிலியில் வைத்தார்கள். கீறும் சங்கிலி என்று பெயர். கைக்கு மெதுவாக ஓடிய பல், இஞ்சினுக்கு வேகமாக ஓடியபோது மரத்தைச் சுரண்டியது, தூளாக்கியது, சீக்கிரமே மழுங்கியது. மறுபடி கூராக்க ஒவ்வொரு வகைப் பல்லுக்கும் தனித்தனி உயரம், தனித்தனி கோணம். அது எல்லோருக்கும் வராது. கூர் போடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இஞ்சின் மிச்சப்படுத்திய நேரத்தில் பாதியை அரம் தின்றது என்று சொன்னாலும் பெரிய பொய் இல்லை.

காக்ஸ் அந்தப் புழுவின் வாயைக் கவனித்தார். இரண்டு தாடைகள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், வளைந்த உளி மாதிரி. கீறுவதற்கு ஒன்று, வாருவதற்கு ஒன்று என்ற பிரிவினை அங்கே இல்லை. ஒரே தாடை பக்கத்தையும் வெட்டுகிறது, அடியையும் பெயர்த்து எடுக்கிறது. இதையே இரும்பில் செய்தால் என்ன?

செய்தார். ஒவ்வொரு வெட்டும் கண்ணியையும் மேலே வளைத்து ஒரு கொக்கி போல ஆக்கினார். ஒன்று இடது, அடுத்தது வலது. பல்லின் பக்கவாட்டு விளிம்பு இழையைத் துண்டிக்கும், மேல் விளிம்பு இழைப்புளி போலச் செதுக்கும். பல்லுக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கும். கூர் போட ஒரு உருண்டை அரம் போதும். தூளுக்குப் பதிலாகச் செதில் செதிலாக மரம் வந்து விழுந்தது. 1947 நவம்பரில் போர்ட்லாண்டில் இருந்த தன் வீட்டின் அடித்தளத்தில் காக்ஸ் தொழிலை ஆரம்பித்தார். ஓரிகன் சா செயின் கம்பெனி என்பது பெயர்.

சரியான நேரம் அது. 1949-இல் மெக்கல்லக் நிறுவனம் 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம் எடையில் ஒரே ஆள் தூக்கும் செயின் சாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (அந்த ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-இல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பெயர்த்து அரிசோனா பாலைவனத்தில் நட்டவர். செயின் சாவில் வந்த காசு அப்படி!) இலகுவான இஞ்சின், சுலபமாகக் கூர் போடும் சங்கிலி. இரண்டும் சேர்ந்ததும் காட்டின் கணக்கே மாறிவிட்டது. பல நூறு வருடம் வளர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்கள் விழும் வேகத்துக்கும் இந்தச் சின்னப் பல்தான் ஒரு காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி இன்னொரு சிக்கல். பல ஊரில் பல நிறுவனங்கள் இஞ்சின் செய்ய, எந்தச் சங்கிலி எதற்குப் பொருந்தும்? இங்கேதான் மூன்று எண்கள் வந்து சேர்ந்தன. இன்றும் கடையில் சங்கிலி வாங்கப் போகிறவரைக் குழப்புவது இந்த மூன்றும்தான்.

முதலாவது பிட்ச். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தை இரண்டால் வகுத்தால் வருவது. இரண்டு ரிவெட்டுக்கு நடுவே அளந்தால் போதாதா என்றால், போதாது. மேல் கண்ணியிலும் கீழ்க் கண்ணியிலும் துளைகளின் இடைவெளி ஒன்றாக இருப்பதில்லை. 1/4, 0.325, 3/8, 0.404 அங்குலம் என்பவை இன்று வழக்கில் உள்ளவை. இதில் ஒரு பொடி உண்டு. 3/8 என்பதில் இரண்டு ஜாதி. ஒன்று பெரிய இஞ்சினுக்கானது, மற்றது சிறிய இஞ்சினுக்கான தாழ்ந்த பல் வகை. எண் ஒன்றுதான், ஆனால் இதற்கு அது பொருந்தாது. எண்ணை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுவது இங்கேதான் நடக்கிறது.

இரண்டாவது கேஜ். சங்கிலியின் அடியில் பாரின் பள்ளத்துக்குள் ஓடும் நாக்கின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது! தடித்த நாக்கு ஒல்லிப் பள்ளத்தில் நுழையாது, அது பரவாயில்லை. ஒல்லி நாக்கு அகலப் பள்ளத்தில் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. சங்கிலி ஒருபக்கம் சாயும், வெட்டு கோணலாகும், ஓடும்போதே கழன்றும் வரலாம். நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிற சங்கிலி கழன்றால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. அதனால்தான் நாக்கிலேயே எண் பொறிக்கும் வழக்கம் வந்தது. காக்ஸ் ஆரம்பித்த நிறுவனத்தின் 3/8 சங்கிலிகளில் 72 என்றால் 1.3, 73 என்றால் 1.5, 75 என்றால் 1.6.

மூன்றாவது, நாக்குகளின் எண்ணிக்கை. 'பதினெட்டு அங்குல பாருக்குச் சங்கிலி கொடுங்க' என்று கேட்டால் நல்ல கடைக்காரர் கொடுக்கமாட்டார். ஒரே நீளமுள்ள பாராக இருந்தாலும் இஞ்சினில் ஸ்பிராக்கெட் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சங்கிலியின் சுற்றளவு மாறும். பாரின் வால் பக்கத்தில் இந்த மூன்று எண்ணும் பெரும்பாலும் அச்சடித்திருக்கும். தேய்ந்து அழிந்திருந்தால் பழைய சங்கிலியின் நாக்குகளை உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான். ஸ்பிராக்கெட் தேய்ந்திருந்தால் புதுச் சங்கிலியும் சீக்கிரம் போய்விடும், அது தனிக் கதை.

பாரின் மூக்கையும் விட்டுவிடக் கூடாது. மூக்கின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் பல் கடித்துச் சிக்கி, பார் முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் வெட்டுகிறவரின் முகத்தை நோக்கி எகிறும். இதில் உயிரே போயிருக்கிறது. சிறிய மூக்குள்ள பார், எகிறலைக் குறைக்கும் சங்கிலி, முன்னால் கையைத் தட்டினால் நிற்கும் செயின் பிரேக் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 1972-73 வாக்கில் ஸ்டீலும் ஹஸ்க்வார்னாவும் பிரேக்கைக் கொண்டுவந்தன.

காக்ஸ் 1953-இல் தன் நிறுவனத்தை ஜான் கிரே என்பவருக்கு விற்றுவிட்டார். பல்லின் வடிவமும் அதற்குப் பிறகு மாறியது. வளைந்த தோளுக்குப் பதிலாகக் கூரான மூலை வைத்த சிசல் பற்கள் வந்தன. அவை இன்னும் வேகமாக வெட்டும், ஆனால் மண்ணோ மணலோ பட்டால் உடனே மழுங்கும். அழுக்கு மரத்துக்கு இன்றும் தோள் வளைந்த பல்லைத்தான் தேடுகிறார்கள். இடது, வலது, இடது, வலது என்று அந்தப் புழுவின் தாடை வரிசை மட்டும் எந்தச் சங்கிலியிலும் மாறவில்லை.