பாம்புக்காரர்கள் தொடங்கிய ஆமை வேலை

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு காலத்தில் பாம்புப் பண்ணை இருந்தது என்றால் இன்று அங்கே குடியிருப்பவர்களே நம்ப மாட்டார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1969-இல் அதை அங்கேதான் ஆரம்பித்தார். 1972-இல் பண்ணை கிண்டிக்குப் போய்விட்டது. சென்னையில் ஆமை முட்டைப் பொரிப்பகம் பிறந்த கதைக்குச் சேலையூரில்தான் பிள்ளையார் சுழி போட வேண்டும். கடலாமைக்காக இந்தக் கரையில் முதலில் ராத்திரி நடை நடந்தவர்கள் அந்தப் பாம்புக்காரர்கள்.

தையிலிருந்து பங்குனி வரை முட்டையிடக் கரையேறுவதால் இங்கே வரும் கடலாமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். தாய் பின் துடுப்புகளால் ஒன்றரை அடிக் குழி பறிக்கும். நூறு முட்டைக்கு மேல் இடும். மணலை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அத்தோடு சரி, பிறகு எட்டிப் பார்க்காது. முட்டைக்குள் இருக்கும்போதே அநாதைகள். மோப்பம் பிடித்து வரும் நாய்க்கும், தோண்டி விற்கும் ஆளுக்கும் அது போதும்.

1970-களின் தொடக்கத்தில் விட்டேக்கரும் கூட்டாளிகளும் அந்த முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துக் காவல் காத்தார்கள். அவர்களில் ஒருவர், சென்னை ஐஐடியில் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர். 1982 மழைக்காலத்தை லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் ஒண்டியாக ஆமைகளோடு கழித்த மனிதர். அவருக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

கேட்க எளிது, கை வேலை நுணுக்கம். தாய் பறிக்கும் குழி பானை மாதிரி, வாய் குறுகி அடி அகன்றிருக்கும். பொரிப்பகத்திலும் கையை விட்டு அதே வடிவில் தோண்ட வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். எனவே விடிவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பொரிய 45 முதல் 60 நாள். மணலில் சூடு ஏறினால் பெண், தணிந்தால் ஆண்.

1980-களில் சில வருஷம் வனத்துறை பொரிப்பகம் நடத்தியது. அது நின்றபோது, 1988-இல், மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வேலையைக் கையில் எடுத்தார்கள். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அந்த நடை இன்றும் நடக்கிறது. வனத்துறையும் மறுபடி பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது.

தாய் பறித்த குழிக்கு ஈடு எதுவும் இல்லை; பொரிப்பகம் வேறு வழியில்லாமல் செய்வது என்பதுதான் என் எண்ணம். ஆனால் குஞ்சுக்கு வெளிச்சம் தெரியும் பக்கமே கடல். நம் கரையில் கடலைவிடத் தெருவிளக்குதான் பளிச்சென்றிருக்கிறது; விட்டால் சாலைக்கு ஏறிவிடும். பொரிந்த குஞ்சைத் தொட்டியில் போட்டு வளர்ப்பதும் இல்லை. முதல் சில நாள் நீச்சலுக்கு வேண்டிய கரு உணவு வயிற்றிலேயே இருக்கிறது. அது தீருமுன் கடலில் விட்டாக வேண்டும்.

கரையில் செய்யக்கூடியது அவ்வளவுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடியில் சிக்கிய ஆமை மூச்செடுக்க மேலே வர முடியாமல் சாகும். அதைத் தடுக்கும் வேலையைப் பொரிப்பகம் பார்க்க முடியாது; மீன்வளத் துறைதான் பார்க்க வேண்டும்.