அம்மாயி வீட்டுப் பிள்ளைகள்: சேலம், நாமக்கல் சமவெளியில் வளர்ப்புப் பராமரிப்பு வந்த வழி

சேலம் மாவட்டத்தின் கிழக்கில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே உள்ள பேரூராட்சி தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குழந்தை பெற்றோரை இழந்தால் அதை யார் வளர்ப்பது என்பது பெரும்பாலும் எழவு வீட்டிலேயே முடிவாகிவிடும். தாயைப் பெற்ற அம்மாயி கூட்டிப் போவார். அவரால் முடியாவிட்டால் தாய்மாமன். அதற்கும் வழியில்லையென்றால் சின்னம்மாவோ, தகப்பனைப் பெற்ற அப்பாயியோ. அதற்குக் காகிதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. காரியம் முடிந்ததும் பிள்ளையின் துணிமணி ஒரு பையில் ஏறும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டை அரசும் சட்டமும் எப்போது, எப்படிக் கண்டுகொண்டன என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அரசு அனாதைப் பிள்ளைக்கு எஜமானரைத் தேடியது, விடுதி கட்டியது, தொட்டில் வைத்தது. பிள்ளையை ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்த உறவினரை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் சுமை பிள்ளைகள் மீதும், அவர்களை எடுத்து வளர்த்த வீடுகள் மீதும் சேர்ந்தே விழுந்தது.

பஞ்ச காலத்து அனாதைகள்

1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமே, ஆதரவற்ற பிள்ளைகளைக் குறித்து ஆங்கிலேய அரசு இந்தியாவில் எழுதிய தொடக்கச் சட்டங்களில் முக்கியமானது. பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட அனாதையையோ ஏழைப் பிள்ளையையோ நீதிபதி தொழில் தெரிந்த ஓர் எஜமானரிடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைக்கலாம். சோறும் தங்கலும் எஜமானர் பொறுப்பு. பிள்ளையின் உழைப்பு அவருக்குச் சொந்தம். வளர்ப்பும் வேலை வாங்குதலும் ஒரே தாளில் எழுதப்பட்ட இந்தச் சட்டத்தின் நிழல் நம் காலம் வரை நீள்கிறது.

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சத்துக்குக் குறைந்தது. பஞ்சத்தின் அனாதைகளை மிஷனரி இல்லங்கள் சேர்த்துக்கொண்டன. பின்னர் எழுதப்பட்ட பஞ்ச நடைமுறை விதிகளில், இத்தகைய பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதும் ஒரு கவலையாக இடம்பெற்றது. ஆனால் பஞ்சத்தில் பிழைத்த பாட்டியோ மாமனோ பிள்ளையை வைத்துக் காப்பாற்ற என்ன வேண்டும் என்ற கேள்வி நிர்வாகத்தின் மையத்துக்கு வரவேயில்லை. 1890இன் காப்பாளர் சட்டமும் சொத்துள்ள பிள்ளைக்குத்தான் பெரிதும் பயன்பட்டது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நீதிமன்றம் போக என்ன இருந்தது?

1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இதுவே முதல். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றிய இதில், பிள்ளையை உறவினரிடமோ தகுதியுள்ள வேறொருவரிடமோ ஒப்படைக்கவும் இடம் இருந்தது. வளர்ப்புப் பராமரிப்பின் விதை அதுதான் என்று சொல்லலாம். ஆனால் அது முளைக்கவில்லை. நடைமுறையில் வளர்ந்தவை சான்றுபெற்ற பள்ளிகளும் இல்லங்களும்தான்.

இல்லம் என்ற தீர்வு

இல்லங்களைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லமும், காமராஜரின் முயற்சியில் 1949இல் உருவான பால மந்திரும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூரையும் கல்வியும் தந்தன. ஆனால் தமிழ்நாட்டில் இல்லம் என்பது ஒரு பழக்கமாகவே இறுகிவிட்டது. கணவனை இழந்தவள் கூலி வேலைக்குப் போக வேண்டும், மூன்று பிள்ளைகளில் ஒன்றை இல்லத்தில் சேர்த்துவிடு என்று ஊரே யோசனை சொல்லும். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அங்கே அவர்களைக் கொண்டு சேர்த்தது பெரும்பாலும் வறுமைதான். மத்திய அரசு நடத்தி 2018இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில் கணக்கெடுக்கப்பட்ட 9,589 இல்லங்களில் 1,647 தமிழ்நாட்டில் இருந்தன. இந்தியாவிலேயே மிக அதிகம்.

உலகில் ஆய்வு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, பாசத்தோடு வளர்ப்பவர் இல்லாமல் வளரும் குழந்தையின் மனம் எப்படி வாடுகிறது என்று எடுத்துக் காட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கரை வயதில் காப்பகக் குழுவின் சராசரி அறிவுத்திறன் ஈவு 73. குடும்பங்களுக்குப் போன குழுவுக்கு 81. இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். தங்களை வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையும் அவர்களிடம் மேம்பட்டிருந்தது. அம்மாயி வீட்டின் ஒற்றை அறை, வசதியான கட்டடத்தைவிடப் பிள்ளைக்கு ஏன் உகந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

தொட்டில்

1992இல் முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கினார். காரணம் வெளிப்படை. 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தனர். மாநிலச் சராசரி 948. பிறந்த பெண் சிசுவைக் கொல்வது இம்மாவட்டத்தில் ஊரறிந்த இரகசியம். கொல்ல வேண்டாம், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றது அரசு. மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் தொட்டில்கள் வைக்கப்பட்டன. 2001இல் திட்டம் புத்துயிர் பெற்று மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் மேலும் ஐந்து மாவட்டங்களுக்கும் விரிந்தது. சேலத்தின் விகிதம் 2001இல் 851 ஆகவும் 2011இல் 916 ஆகவும் உயர்ந்தது. இந்த ஏற்றத்துக்குத் தொட்டில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கிராம செவிலியரின் கண்காணிப்பும், மருத்துவமனைப் பிரசவமும், காவல்துறை வழக்குகளும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதே காலத்தில்தான் வேலை செய்தன.

உயிர் தப்பிய குழந்தைகளின் முன்னால் எந்த விமர்சனமும் சற்றுத் தணிந்தே பேச வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொட்டில் குழந்தையை ஏற்றது, தாயை விட்டுவிட்டது. வரதட்சணை பயமும், மூன்றாவதும் பெண்ணா என்ற மாமியாரின் ஏச்சும் நிறைந்த வீட்டுக்கு அவள் வெறுங்கையோடு திரும்பினாள். மனம் மாறித் திரும்ப வந்து குழந்தையை வாங்கிப் போன பெற்றோரும் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு மாதம் ஒரு தொகையும் பக்கத்துணையும் கிடைத்திருந்தால் அப்படித் திரும்பியவர் தொகை எவ்வளவு பெருகியிருக்கும் என்ற கேள்வியை என்னால் தவிர்க்க முடியவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை முறைப்படி ஒப்படைக்கும் பெற்றோர் மறுபரிசீலனை செய்ய இரண்டு மாதம் தருகிறது. பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போனவளை அந்தச் சலுகை எளிதில் எட்டாது. குழந்தைக்கும் இழப்புண்டு. தமிழ்நாட்டிலிருந்து அயல்நாடுகளுக்குத் தத்துப்போய், வளர்ந்த பின் பெற்றவளைத் தேடி வருபவர்களுக்குப் பல நேரம் ஒரு தேதியும் ஒரு மருத்துவமனைப் பெயருமே கையில் மிஞ்சுகின்றன.

லாரியும் பாட்டிகளும்

தொட்டில் பெற்ற கவனத்தில் பாதியைக்கூட இதே சமவெளியின் இன்னொரு துயரம் பெறவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல், நாட்டிலேயே தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றானது. முதலில் ஓட்டுநரான கணவன், பிறகு மனைவி. இருவரும் போன பின் பிள்ளைகள் அறுபது, எழுபது வயதுப் பாட்டிகளிடம் வந்து சேர்ந்தார்கள். சில பிள்ளைகளுக்குத் தொற்றும் இருந்தது.

இது எந்த அரசாணையும் இல்லாமல் நடந்த மாபெரும் வளர்ப்புப் பராமரிப்பு. மகனையும் மருமகளையும் புதைத்த கையோடு, பேரனுக்கு மாத்திரை வேளை தவறாமல் பார்க்கக் கற்றார்கள் அந்தப் பெண்கள். பள்ளியில் சொல்லலாமா, பக்கத்து வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. தான் போய்விட்டால் இதற்கு யார் என்ற நினைப்பு அந்த வயதில் வரும் நோயைவிடக் கொடிது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, 5 கோடி ரூபாய் வைப்புநிதியின் வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவத் தொடங்கியது. வீட்டிலேயே வளரும் பிள்ளைக்கு அரசுப் பணம் போய்ச் சேரலாம் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி.

உறவினர் வளர்ப்பை அப்பழுக்கற்றதாகக் காட்டுவதும் நேர்மையாகாது. தாய்மாமன் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அத்தையின் முகம் பார்த்தே சோறு இறங்கும். தன் பிள்ளைகளுக்கே போதாத வருமானத்தில் இன்னொரு வாயைச் சேர்ப்பதை அந்த அத்தையின் குற்றமாகவும் கொள்ள முடியாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, தன்னையறியாமல் அந்த வீட்டின் வேலைக்காரியாகவும் கைக்குழந்தைக்குக் காவலாகவும் மாறிவிடுகிறாள். 1850இன் ஒப்பந்தம் எழுதப்படாமலேயே அமலாகிறது. இறந்த தகப்பனின் அரை ஏக்கருக்குச் சித்தப்பாவும் மாமனும் மல்லுக்கட்டும்போது பிள்ளை இரு வீட்டுக்கும் நடுவே நிற்கிறது. சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட்டால் பொறுப்பு தீரும் என்று பதினெட்டுக்கு முன்பே மாலை மாற்றுவதும் நடக்கிறது. ஊருக்கு வெளியே தெரியாத கைமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதை, தம்மம்பட்டிக்கு மேற்கே உள்ள இராசிபுரத்தில் 2019 ஏப்ரலில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கு காட்டியது. ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவரின் தொலைபேசி உரையாடல் பரவியதும், கொல்லிமலை ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் விலைக்குப் போனதாக விசாரணை விரிந்து, வழக்கு சிபிசிஐடிக்குச் சென்றது. கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சட்டம் கண்ட குடும்பம்

வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரிலேயே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2015 சட்டத்தின் 44ஆம் பிரிவு அதை விரித்தது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளே சொல்கின்றன. 2016இல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வந்தன. 2024இல் அவை திருத்தப்பட்டு, திருமணமாகாதவர், கணவனையோ மனைவியையோ இழந்தவர் போன்ற தனிநபரும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்றானது. இரண்டு ஆண்டு வளர்த்த பின் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்கவும் வழி திறந்தது. முன்பு அதற்கு ஐந்து ஆண்டு ஆகவேண்டியிருந்தது. மாதத் தொகையை மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டம் 2,000 ரூபாயிலிருந்து 4,000 ஆக்கியது.

ஆனால் சட்டம் வரையறுக்கும் வளர்ப்புக் குடும்பம், பிள்ளை பிறந்த குடும்பத்துக்கு வெளியே உள்ளது. முன்பின் அறியாத தம்பதி ஒரு பிள்ளையை ஆறு மாதமோ மூன்று வருடமோ வளர்த்துத் திருப்பித் தருவது மேல்நாட்டு அமைப்பிலிருந்து வந்த ஏற்பாடு. அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன சாதி என்று கேட்கும் ஊரில் அது வேரூன்றுவது எளிதல்ல. பாட்டி வளர்க்கும் பிள்ளை நிதி ஆதரவு என்ற வேறொரு தலைப்பின்கீழ் வருகிறது. அதற்குக் கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள சேலத்தின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அந்த மனு எட்டவேண்டும். தம்மம்பட்டியில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகும் ஒரு மூதாட்டிக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி இழப்பு.

பார்வை உண்மையில் திரும்பியது கொரோனா காலத்தில்தான். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைப்பதோடு, உறவினரிடம் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் தருவதாகவும் அறிவித்தது. ராஜஸ்தான் 2005 முதலே பாலன்ஹார் திட்டத்தின் வழியே உறவினர் வளர்ப்புக்குப் பணம் தந்துவந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். கொரோனாவுக்கு மட்டும் என்ற தமிழ்நாட்டின் வரம்பை 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் நீக்கியது. பெற்றோர் இருவரையும் இழந்தவரோ, ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் இருப்பவரோ, உறவினரிடம் வளரும்போது 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் பெறலாம். அத்தையின் வீட்டில் இந்த இரண்டாயிரம் செய்யும் வேலை பெரிது. தண்டச்சோறு என்ற சொல் எழாமல் தடுப்பதே ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் சிறிய காரியமல்ல.

இன்னும் ஓர் அநீதி சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பதினெட்டுக்குப் பிந்தைய பராமரிப்பு, 2015 சட்டத்தின் வரையறைப்படி, காப்பகத்திலிருந்து வெளியேறும் இளைஞருக்கு மட்டுமே உரியது. அவருக்கு 21 வயது வரை, சிறப்புச் சூழலில் 23 வரை, ஆதரவு நீளலாம். அம்மாயி வீட்டில் வளர்ந்தவனுக்குப் பதினெட்டாம் பிறந்தநாளன்று மாதத் தொகை நின்றுவிடுகிறது. அப்போது அவன் கல்லூரி முதலாண்டிலோ பாலிடெக்னிக்கிலோ இருப்பான். அம்மாயிக்கு வயது எழுபதைக் கடந்திருக்கும். அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமோ 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமோ தரும் 1,000 ரூபாய் ஒன்றே அவனுக்கோ அவளுக்கோ மிச்சம். இல்லத்தில் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் உதவி, வீட்டில் வைத்து வளர்த்ததால் மறுக்கப்படுகிறது. காப்பகத்திலிருந்து வெளியேறுபவர் என்ற அந்த வரையறையில், உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளர்ந்து பதினெட்டு நிரம்பியவரையும் சேர்க்க ஒரு திருத்தம் வேண்டும். அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். அதுவரை அன்புக் கரங்களின் வயது வரம்பை 21க்கு உயர்த்துவது மாநில அரசின் கையிலேயே இருக்கிறது.