அமெரிக்கன் மாடல் (திருவிதாங்கூர், 1946)

அமெரிக்கன் மாடல் என்பது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காகத் திவான் சி. பி. ராமசாமி ஐயர் 1946-இல் முன்வைத்த அரசமைப்புத் திட்டத்துக்கு மக்களிடையே வழங்கிய பெயர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை, தேர்தலில் அமையும் சட்டமன்றம், அந்தச் சட்டமன்றத்தால் நீக்க முடியாத நிர்வாகத் தலைவர் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் முறையை முன்மாதிரியாகக் காட்டிய இத்திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நடைமுறைக்கு வராமலேயே 1947-இல் முடிந்துபோனது. ஆயினும், அதிகாரத்தில் இருப்பவரை இறக்கும் வழி எது என்று அது எழுப்பிய கேள்வி அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று நீளும் இன்றைய கேரள - தமிழக எல்லை ஊர்களின் உள்ளாட்சி வரை தொடர்கிறது.

பின்னணி

பிரதிநிதித்துவ அவைகளைப் பொறுத்தவரை திருவிதாங்கூர் முன்னோடி. 1888-இல் எட்டு உறுப்பினர்களுடன் அங்கே சட்டமன்றம் ஒன்று ஏற்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி அதில் நியமன உறுப்பினராக அமர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலமும் பள்ளிக்கூடமும் கேட்டார். 1933 முதல் இரண்டு அவைகள் இயங்கின.

ஆனால் வாக்குரிமை வரி கட்டுவோரிடமும் சொத்துள்ளோரிடமும் நின்றது. ஈழவர், கிறித்தவர், முஸ்லிம் சமூகங்கள் உரிய பங்கு கோரி 1932-இல் தொடங்கிய இயக்கம் நிவர்த்தனப் போராட்டம் எனப்பட்டது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது; பட்டம் தாணுபிள்ளை அதன் தலைவர். அதன் தலையாய கோரிக்கை பொறுப்பாட்சி. திவான் மன்னருக்குப் பதில் சொன்னால் போதும் என்ற நிலை மாறி, அமைச்சர்கள் மக்கள் அவைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள்.

அந்தக் கோரிக்கைக்காக இன்றைய எல்லைப் பகுதி உயிர்ப்பலி கொடுத்தது. 1938 ஆகஸ்ட் 31 அன்று, கட்சித் தலைவர் ஒருவரின் கைதை எதிர்த்து நெய்யாற்றின்கரையில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய திட்டத்தை இப்பகுதி மக்கள் எந்த மனநிலையில் எதிர்கொண்டார்கள் என்பதை இந்த நிகழ்ச்சியை வைத்தே உணர வேண்டும்.

திட்டம்

1946 ஜனவரியில் சி. பி. தம் சீர்திருத்தத்தை அறிவித்தார். ஈரவைச் சட்டமன்றத்துக்கு வயது வந்த எல்லோரும் வாக்களிக்கலாம். அன்றைய இந்தியாவில் இது துணிச்சலான சலுகை. பிரிட்டிஷ் மாகாணங்களில்கூட அப்போது வாக்குரிமை சிறு பகுதியினருக்கே இருந்தது. ஆனால் மன்னர் நியமிக்கும் திவானே நிர்வாகத்தின் தலைவராகத் தொடர்வார். சட்டமன்றம் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் போட்டாலும் அவரை இறக்க முடியாது.

நிலையான ஆட்சி வேண்டும் என்பதே திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். சமூகங்களுக்கிடையே போட்டி மிகுந்த நாட்டில் அமைச்சரவைகள் அடிக்கடி கவிழும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. 1948 முதல் 1956 வரை திருவிதாங்கூரும் பின்னர் திருவிதாங்கூர் - கொச்சியும் பல அமைச்சரவைகளை மாறி மாறிக் கண்டன.

அமெரிக்க மூலமும் திருவிதாங்கூர் நகலும்

1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தது. சட்டமியற்றுவது காங்கிரஸ், நடத்துவது குடியரசுத் தலைவர், தீர்ப்பு சொல்வது நீதிமன்றம். குடியரசுத் தலைவரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்த முடியாது என்பது உண்மை. சி. பி. எடுத்துக்கொண்டது இந்த ஒரு கூற்றை.

அதைச் சுற்றி அமெரிக்கர்கள் கட்டிய வேலிகள் பல. குடியரசுத் தலைவர் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்தித்தாக வேண்டும். கருவூலத்தின் சாவி காங்கிரசிடம் இருக்கிறது. அவர் அமர்த்தும் அமைச்சர்களையும் நீதிபதிகளையும் செனட் ஏற்க வேண்டும். அவர் தடுத்த மசோதாவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் சட்டமாக்கலாம். பெருங்குற்றம் புரிந்தால் கீழவை குற்றம் சாட்ட, செனட் விசாரித்துப் பதவி நீக்கலாம். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். 1974-இல் ரிச்சர்ட் நிக்சன் விசாரணை நெருங்குவது கண்டு தாமே விலகினார்.

திருவிதாங்கூர்த் திட்டத்தில் திவானை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குறித்த ஆண்டில் அவர் மக்கள்முன் திரும்பி வர வேண்டிய கட்டாயமும் இல்லை. தேர்தல் என்ற வேரை வெட்டிவிட்டு, நீக்க முடியாமை என்ற கிளையை மட்டும் நட்ட திட்டம் அது. பெயரில் இருந்த அமெரிக்கா உள்ளே இல்லை. இதைக் கண்டுகொண்டவர்களில் கயிற்றுத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி.

எதிர்ப்பும் முடிவும்

‘அமெரிக்கன் மாடலை அரபிக்கடலில் எறிவோம்’ என்ற முழக்கத்தைக் கம்யூனிஸ்டுகள் எழுப்பினர். ஆலப்புழை வட்டாரத்தில் கூலி, உணவுப் பஞ்சம், நிலவுடைமைக் கொடுமை ஆகியவற்றோடு அரசியல் கோரிக்கையும் சேர்ந்து பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. 1946 அக்டோபர் 24 அன்று புன்னப்புறையில் தொழிலாளர்கள் காவல் முகாமைத் தாக்கினர். மறுநாள் ராணுவச் சட்டம் வந்தது. 27-ஆம் தேதி வயலாரில் படை சுட்டது. இறந்தோர் எண்ணிக்கை இன்றும் விவாதத்துக்குரியது.

1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று சி. பி. அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர்மீது கொலை முயற்சி நடந்தது. சில நாட்களில் மன்னர் இந்திய ஒன்றியத்தில் சேர இசைந்தார், ஆகஸ்டில் சி. பி. பதவி விலகினார், செப்டம்பர் 4 அன்று பொறுப்பாட்சிப் பிரகடனம் வெளியானது.

1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையின்படி 120 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் கூலிப் பெண்ணும் அன்று வாக்காளர். அதே ஆண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் எழுத்தறிவுத் தேர்வாலும் மிரட்டலாலும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்களுக்கு வாக்குரிமைச் சட்டம் 1965-இல்தான் வந்தது. மாதிரி என்று காட்டப்பட்ட நாட்டை, மாதிரியை மறுத்த நாடு இந்த ஒன்றில் முந்திவிட்டது.

நீக்கும் அதிகாரமும் தமிழர்களும்

அந்தத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. தமிழ் பேசும் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய கட்சி அது. மார்ஷல் நேசமணி அதன் முதன்மைத் தலைவர். சிறிய கட்சியாயினும் அமைச்சரவையைத் தாங்கவும் கைவிடவும் அதற்கு வலு இருந்தது. 1953-இல் அது ஆதரவை விலக்கியதால் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர்கள் உயிரிழந்தபோது முதலமைச்சராக இருந்தவர், பொறுப்பாட்சிக்காகச் சிறை சென்ற அதே பட்டம் தாணுபிள்ளை. அப்போது அவர் இருந்த கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார். 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவை அவையின் நம்பிக்கையை இழந்து வீழ்ந்தது. நீக்க முடியாத நிர்வாகம் அமைந்திருந்தால், எல்லைத் தமிழரின் கையில் இந்தக் கருவி இருந்திருக்காது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அமரவிளையும் பாறசாலையும் எல்லை ஊர்கள் ஆயின.

அரசியல் நிர்ணய சபையில்

நிர்வாகத்தை அவை நீக்க முடிய வேண்டுமா என்ற இதே கேள்வி இந்தியா முழுமைக்கும் எழுந்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், மக்களாட்சியின் நிர்வாகத்துக்கு நிலைத்தன்மை, பொறுப்புணர்வு ஆகிய இரண்டும் தேவை என்றார். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இல்லை. அமெரிக்க முறை முதலாவதை மிகுதியாகத் தரும், நாடாளுமன்ற முறை இரண்டாவதை மிகுதியாகத் தரும் என்று விளக்கி, பொறுப்புணர்வையே வரைவு தேர்ந்தெடுத்ததாகக் கூறினார். பட்டறிவால் திருவிதாங்கூர் ஏற்கெனவே எட்டியிருந்த முடிவும் அதுதான்.

இன்றைய எல்லையில்

அமரவிளையிலிருந்து தெற்கே சென்று பாறசாலை, களியக்காவிளையைக் கடந்தால் இரண்டு முறைகளையும் அருகருகே காணலாம். பாறசாலை, செங்கல் போன்ற கேரள ஊராட்சிகளில் வாக்காளர் வார்டு உறுப்பினரையே தேர்ந்தெடுக்கிறார். தலைவரை உறுப்பினர்கள் தேர்வார்கள். பாதிக்கு மேற்பட்டோர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்தால் தலைவர் இறங்க வேண்டும். குமரி மாவட்டச் சிற்றூராட்சிகளில் தலைவருக்கு மக்கள் தனி வாக்குச்சீட்டில் நேரடியாக வாக்களிக்கிறார்கள். அவரை உறுப்பினர்கள் வாக்களித்து மட்டும் இறக்கிவிட முடியாது. மாவட்ட ஆட்சியரின் விசாரணையும் ஆணையும் வேண்டும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் 243சி பிரிவு, சிற்றூர் அளவில் எந்த முறையையும் மாநிலமே தேர்ந்துகொள்ள இடம் தருகிறது. நாகர்கோவில் மாநகராட்சியின் மேயரோ 2022-இல் மாமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எல்லை தாண்டிய நெய்யாற்று நீர் வழக்கிலும் அமெரிக்க அரசமைப்பின் சாயல் உண்டு. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வந்த நீர் 2004-இல் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. மாநிலங்களுக்கிடையிலான வழக்கை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்க இந்திய அரசமைப்பின் 131-ஆவது பிரிவு வழி செய்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் அதே அதிகாரம் உண்டு. ஆர்கன்சா ஆற்று நீருக்காகக் கன்சாஸ் கொலராடோமீது தொடுத்த வழக்கில் 1907-இல் அது தீர்ப்பளித்தது.

பிற நாட்டு அரசமைப்பை ஒரு குடிமகன் கற்பதன் பயன் 1946-இன் வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. எந்தப் பெயரில் ஆட்சி முறை வந்தாலும் அதனிடம் கேட்க வேண்டியவை இரண்டு: அதிகாரத்தில் இருப்பவரை அமர்த்தியவர் யார், அவரை இறக்கும் வழி எது. இவ்விரண்டுக்கும் தம் ஊராட்சியைப் பற்றி விடை சொல்லத் தெரிந்தவர், தலைநகரில் வகுக்கப்படும் எந்தத் திட்டத்தையும் எடைபோடத் தகுதி பெற்றவர்.