சித்தப்பாவோட அம்பாசடரும் ஒழுகுன ரேடியேட்டரும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துச் செட்டுல நின்ன சித்தப்பாவோட அம்பாசடரை நாலு பேரு சேர்ந்து வெளியே தள்ளினோம். 1978-ம் வருச மார்க் 3, பெட்ரோல் வண்டி. சித்தப்பா காலமாகி மூணு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. பேட்டரி மாத்தி, கார்புரேட்டரைத் துடைச்சு, பெட்ரோல் ஊத்துனதும் ரெண்டாவது தடவையிலேயே கிளம்பிருச்சு. ஆனா பத்து நிமிசத்துல முன்னாடி ஆவி பறக்குது, அடியில தண்ணி சொட்டுது. ரேடியேட்டர் போச்சு.

பழைய இரும்பு எடுக்கிறவர் அன்னைக்கே வந்துட்டாரு. "அண்ணாச்சி, வண்டிய விடுங்க, ரேடியேட்டரை மட்டும் கழட்டிக் குடுங்க. பித்தளையும் செம்பும் இப்ப நல்ல விலை"ன்னாரு. என் மகன், "அப்பா, அலுமினியத்துல புதுசு செஞ்சு தர்றாங்க, மாட்டிருவோம்"னான். எனக்கு ரெண்டுக்கும் மனசு வரல. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

எஞ்சினுக்குள்ள எரியிற பெட்ரோல்ல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்தும். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேத்தலைன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும். 1886-ல ஜெர்மனியில கார்ல் பென்ஸ் செஞ்ச மூணு சக்கர வண்டியில தண்ணி கொதிச்சு ஆவியாப் போகும். போகப் போக ஊத்திக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான் ஏற்பாடு. இதுக்கு வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ல டெய்ம்லர் கம்பெனிக்காக அவர் வடிவமைச்ச மெர்சிடிஸ் 35 குதிரைசக்தி வண்டியில தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் வச்சாரு. 6 மில்லிமீட்டர் சதுரத்துல 8,070 குட்டிக் குழாய். முன்னாடி 18 லிட்டர் தண்ணி கேட்ட இடத்துல 9 லிட்டர் போதும்னு ஆச்சு. 1901-ல அந்த வண்டி பிரான்சுல நீஸ் நகரத்துப் பந்தயத்துல ஜெயிச்சுது. இன்னைக்கு ஓடுற காருக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

நம்ம பக்கமும் சும்மா இல்ல. 1903-லயே மெட்ராஸ் சிம்சன் கம்பெனியில சாமுவேல் ஜான் கிரீன்ங்கிறவர் நீராவிக் கார் ஒண்ணு செஞ்சு ஓட்டுனாரு. 1912-ல டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டாரு. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காதப்போ கரி அடுப்பை பஸ்ஸுக்குப் பின்னாடி கட்டி ஓட்டுனாங்க. எங்க தாத்தா அதைக் 'கரி பஸ்'ன்னு சொல்லுவாரு. ஏத்தத்துல ஆளுங்க இறங்கித் தள்ளணுமாம்.

அம்பாசடர் கதை 1942-ல ஆரம்பிக்குது. பிர்லா குடும்பத்தார் குஜராத்துல ஓகா துறைமுகத்துல இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கினாங்க. 1948-ல கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்கு மாறுனாங்க. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாம் வரிசை வண்டியைத்தான் 1957-லயிருந்து இங்க அம்பாசடர்னு பேரு வச்சு விட்டாங்க. 1959-ல 1,489 சி.சி. எஞ்சின் வந்துச்சு. அதே வருசம் இங்கிலாந்துல அந்த மாடலை நிறுத்திட்டாங்க. இங்க 2014 மே மாசம் வரைக்கும் ஓடுச்சு. 2017-ல அந்தப் பேரை மட்டும் பிரான்சு பியூஜோ கம்பெனி 80 கோடிக்கு வாங்குச்சு.

அந்தக் காலத்துல புது வண்டிக்குப் பதிவு பண்ணிட்டு வருசக்கணக்கா காத்துக் கிடக்கணும். அதனால எது போனாலும் மாத்துறதில்ல, ரிப்பேர்தான். ராஜபாளையத்துல 1936-ல ராஜபாளையம் மில்ஸ் வந்ததுலயிருந்து மில்லு, லாரி, பஸ்ஸுன்னு ஊரு பெருகுச்சு. கூடவே லேத்து, டிங்கர், ரேடியேட்டர் பட்டறைகளும் வந்துச்சு. சித்தப்பா இந்த வண்டியை அங்க ஒரு வீட்டுல கைமாத்தி வாங்கி வாடகைக்கு ஓட்டுனாரு. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக்கு வர்ற ஜனத்தைத் தாணிப்பாறைக்கு ஏத்திப் போவாரு. எங்க மகாராஜபுரம் வழியாத்தான் போகணும். ஏழு பேரை ஏத்திக்கிட்டு முதல் கியர்லயே ஊர்ந்தா எந்த வண்டிதான் கொதிக்காது? ஒருதடவை அவசரத்துல சூட்டோட மூடியைத் திறந்துட்டாரு. ரேடியேட்டர் மூடி தண்ணியை அழுத்தத்துல வச்சிருக்கும். ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை ஒன்றரை டிகிரி போல ஏறும். திறந்த உடனே அழுத்தம் போயி மொத்தமும் ஆவியாச் சீறும். அவர் வலது கையில அந்தத் தழும்பு கடைசிவரைக்கும் இருந்துச்சு.

1996 ஐப்பசியில ஒரு ராத்திரி, நல்ல மழை. என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துருச்சு. சித்தப்பாவை எழுப்பினேன். வத்திராயிருப்பு தாண்டி கிருஷ்ணன்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னாடி, சூட்டு முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் ஒரு இடத்துல குடுத்து ரேடியேட்டரை அடைச்சிருந்தாரு. பிசினை அப்பி மேல கருப்புப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்காங்க, அது விட்டுப் போச்சு. சித்தப்பா பதறல. சூடு ஆறட்டும்னு காத்திருந்தாரு. அந்தக் கால் மணி நேரம் எனக்கு ஒரு யுகம். அப்புறம் துணியை மடிச்சுப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகினாரு. டிக்கியில ஒரு பொட்டலம் மஞ்சத்தூள் எப்பவும் வச்சிருப்பாரு. அதைக் கொட்டி, ரோட்டோரக் கண்மாயிலயிருந்து நான் ரெண்டு குடம் தண்ணி மொண்டு வந்து ஊத்தினோம். மஞ்சத்தூள் தண்ணியில ஊறி ஓட்டையில போய் அடைச்சுக்கும். தற்காலிகம்தான், ஆனா அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குச்சு. விடியக்காலம் மக பிறந்தா. அவளுக்குத்தான் வர்ற தை மாசம் கல்யாணம். இந்த வண்டியிலதான் மண்டபத்துக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.

இப்பச் சொல்லுங்க, அந்த ரேடியேட்டரை எடைக்குப் போட மனசு வருமா?

ராஜபாளையத்துல எழுபது வயசுக்காரர் ஒருத்தர் இன்னமும் செம்பு ரேடியேட்டர் வேலை பாக்குறார்னு கேள்விப்பட்டுப் போனேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் கழட்டி, நாலு போல்ட்டு எடுத்து ரேடியேட்டரைத் தூக்கிட்டுப் போயிருந்தேன். அவர் கேஸ் தீயைக் காட்டி ஈயத்தை இளக்கி மேல் தொட்டியை அலுங்காம எடுத்தாரு. உள்ள பாத்தா, பாதிக் குழாய் உப்பும் துருவும் அடைச்சுக் கிடக்குது.

"போர்த் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமாண்ணாச்சி, தோட்டத்துத் தண்ணிதான்."

"உங்க கண்மாய் மண்ணு மேவிக் கிடந்தா கடைமடைக்குத் தண்ணி போகுமா தம்பி? இதுவும் அப்படித்தான். மேல் தொட்டி கண்மாய், குழாய் வாய்க்கால், கீழ் தொட்டி கடைமடை. தூர் வாரலைன்னா கொதிக்கத்தான் செய்யும்."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. முப்பது வருசமா வாய்க்கால் தூர் வாரச் சொல்லி மனுக் குடுக்கிறவன் நான். வீட்டு வண்டியில வாரல.

தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயா விட்டுக் குடைஞ்சு எடுத்தாரு. ரெண்டு குழாய் தேறாதுன்னு அதை மட்டும் அடைச்சாரு. தொட்டியை மறுபடி ஈயம் வச்சுப் பத்தி, தண்ணித் தொட்டியில முக்கிக் காத்து அடிச்சுப் பாத்தாரு. குமிழி வரல. "மூடி ரப்பரை மாத்திருங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிருக்காங்க, புதுசு போடுங்க. எஞ்சின் ரொம்பக் குளிர்ந்தாலும் தேயும். இனிமே கூலண்ட் கலந்த நல்ல தண்ணிதான்"னாரு. புதுசுக்கு ஆகுற காசுல பாதிகூட ஆகல. கிளம்புறப்போ, "புது வண்டி எல்லாம் அலுமினியக் கூடு, பிளாஸ்டிக் தொட்டி. இந்த ஈயம் அதுல ஒட்டாது. எனக்கப்புறம் இந்தப் பட்டறையில யாரும் இல்ல"ன்னாரு. பதில் சொல்லத் தெரியாம, ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.

நேத்து வண்டியை எடுத்துக்கிட்டு தாணிப்பாறை அடிவாரம் வரைக்கும் போய் வந்தேன். முள்ளு பாதியைத் தாண்டல. மக முன் சீட்டுல உக்காந்திருந்தா. டிக்கியில மஞ்சத்தூள் பொட்டலம் ஒண்ணு வச்சிருக்கேன். தேவைப்படாது, இருந்தாலும் இருக்கட்டும்.