ஏற்காடு கிரேஞ்ச் மாளிகை: காலக்குறிப்புகளும் கோட்டை வடிவமும்

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டின் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடமாகக் கருதப்படுவது கிரேஞ்ச் மாளிகை. இடைக்கால ஐரோப்பியக் கோட்டையை ஒத்த தோற்றத்தால் இது புதுக் கோத்திக் மரபோடு ஒப்பிடத்தக்கது. இம்மாளிகை குறித்து வழங்கும் செய்திகளைக் காலவரிசையில் வைத்துச் சோதித்து, அதன் வடிவத்திற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்சியரும் தோட்டமும்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயின. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன், சேர்வராயன் மலையில் காபியையும் பேரி முதலிய பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். 1820களில் இம்மாளிகையைக் கட்டியவரும் அவரே. ‘கிரேஞ்ச்’ என்னும் ஆங்கிலச் சொல் களஞ்சியத்தோடு கூடிய பண்ணைவீட்டைக் குறிப்பது. எனவே, பெயரளவில் இது கோட்டையன்று, தோட்டவீடே.

கால முரண்கள்

ஏற்காட்டை 1842இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ‘கண்டுபிடித்தார்’ என்ற செய்தி பரவலாக எடுத்தாளப்படுகிறது. மன்றோ 1827இலேயே மறைந்தார். 1792 முதல் 1799 வரை அவர் பாராமகாலில் பணியாற்றியமையும், காக்பர்னின் பதவிக்காலத்தில் ஆளுநராக இருந்தமையும் இப்பிழைக்கு இடமளித்திருக்கலாம். 1827இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இம்மலையை ஆய்ந்தது என்பதும் பொருந்தாது. அத்துறை நிறுவப்பட்டதே 1851இல்தான். மேலும், சேர்வராயனை வழிபட்டு இங்கு வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடியினரின் இருப்பைக் ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

கோட்டை வடிவம்

இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் 1749 முதல் ஸ்ட்ராபெரி ஹில் இல்லத்தைக் கோத்திக் பாணியில் மாற்றியமைத்தார். அங்குக் கொத்தளம் அழகுக்கானது. கிரேஞ்சைப் பற்றிய வழக்காறோ வேறு காரணத்தைக் கூறுகிறது. 1857 கிளர்ச்சியின்போது சேலத்து ஆங்கிலேயரின் புகலிடமாக இது அரண்செய்யப்பட்டது. மேலே பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. நிலவறையில் ஆறு மாதத்திற்கான உணவு சேமிக்கப்பட்டது என்பன அவ்வழக்காற்றின் கூறுகள். சென்னைப் படை பெரும்பாலும் கம்பெனியின் பக்கமே நின்றதால், வட இந்தியாவைப் போன்ற போர் சேலத்தை எட்டவில்லை. இவ்வழக்காற்றின்படி நோக்கின், கிரேஞ்சின் கொத்தளம் அழகுணர்வினும் அச்சத்தின் விளைவு எனக் கொள்ளலாம்.

முடிவுரை

கிரேஞ்சை ஒரே காலத்தில், ஒரே சுவைக்கேற்ப எழுந்த கட்டடமாகக் கொள்வது பொருந்தாது. 1820களின் தோட்டவீடு ஓர் அடுக்கு. 1857இன் அரண் மற்றோர் அடுக்கு. முன்னது மலைநிலத்தைத் தோட்டமாக்கிய ஆட்சியின் நம்பிக்கையையும், பின்னது அதே ஆட்சியின் அச்சத்தையும் உணர்த்துகின்றன. பிழையான ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தாளப்படின் இவ்விரு அடுக்குகளும் மறைந்து, ‘கண்டுபிடித்த’வர் கதை மட்டுமே எஞ்சும். வட்டார வரலாற்றில் காலக்குறிப்புகளைச் சரிபார்ப்பதன் இன்றியமையாமையை இம்மாளிகை தெளிவுறுத்துகிறது.