பின்படிக்கட்டும் பணியாளர் குடியிருப்பும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதி

பின்படிக்கட்டு என்பது பெரிய மாளிகைகளில் வேலையாட்கள் மட்டும் ஏறி இறங்குவதற்காக, விருந்தினர் கண்ணில் படாத இடத்தில் கட்டப்பட்ட ஒடுங்கிய படிவரிசை. பணியாளர் குடியிருப்பு என்பது அதே மனையில் அவர்கள் உறங்கவும் சமைக்கவும் ஒதுக்கப்பட்ட அறைகள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த வீட்டு முறையில் முன்னதற்குத் தேவை குறைவு. பின்னது இல்லாமல் வீடு நடக்காது. இங்கிலாந்தில் படிக்கட்டு பிரித்து வைத்ததை இங்கே பின்வளவு பிரித்து வைத்தது.

இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடியாகக் காட்டப்படும் வீடு, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோஜர் பிராட் கட்டிய கோல்ஸ்ஹில் மாளிகை. நடுக்கூடத்தில் அகலமான படிக்கட்டு வீட்டாருக்கு. இரு முனைகளிலும் சிறிய படிக்கட்டுகள் வேலையாட்களுக்கு. அதுவரை எசமான் மேலே ஏறும்போது அவருடைய படுக்கையறைச் சட்டி அதே படியில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சந்திப்பைத் தவிர்த்ததுதான் பின்படிக்கட்டின் முதல் பயன். 1864இல் வீட்டமைப்பு பற்றி நூல் எழுதிய ராபர்ட் கெர், வீட்டாரின் பகுதியில் நடப்பது வேலையாட்களுக்கும் அவர்கள் பகுதியில் நடப்பது வீட்டாருக்கும் தெரியவோ கேட்கவோ கூடாது என்றார். கோல்ஸ்ஹில் 1952இல் தீக்கிரையானது.

இலங்கையில் ஒல்லாந்தர் வீட்டுக்கு முன்னும் பின்னும் விறாந்தை, நடுவே உயரமான கூடம், பின்னால் முற்றம் இருக்கும். முற்றத்தின் பக்கவாட்டில் நீளும் சிறகுகளில் குசினி, களஞ்சியம், அடிமைகளின் அறைகள். கொழும்புப் புறக்கோட்டையில் அருங்காட்சியகமாக உள்ள ஒல்லாந்தர் வீட்டில் இந்த அமைப்பு இன்றும் எஞ்சியிருக்கிறது. பணியாளர் குடியிருப்பு என்று மென்மையாகச் சொன்னாலும் அந்தக் காலத்தில் அங்கே கிடந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். 1694ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். 1816இல் பல அடிமை உரிமையாளர்கள், அதன்பின் பிறக்கும் குழந்தைகளை விடுவிக்க இணங்கினர்; அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான். திருகோணமலையில் டச்சுக்குடாவுக்கு அருகே, கடற்படை ஆணையாளர் வீடு எனப்படும் இரண்டு மாடிக் கட்டடம் ஒல்லாந்தர் காலத்தை நினைவூட்டுகிறது. அது மீளமைக்கப்பட்டு 2013இல் கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

1795 ஆகஸ்டில் திருகோணமலை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்குள்ள கோட்டை பின்னர் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லி 1800–01 காலத்தில் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு அதற்குள் இருக்கிறது. கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியின் வாசஸ்தலமான அட்மிரால்டி இல்லம், படர்ந்த ஆலமரம் நிற்கும் தோட்டத்தோடு, கப்பற்பட்டறைப் பகுதியில் அமைந்தது. அதிகாரிகளின் பங்களாக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திட்டந்தான்: காற்றுக்காக உயர்த்திய கூரை, சுற்றிலும் விறாந்தை, வளவின் கடைசியில் ஒற்றைக் கதவும் சிறு சன்னலும் கொண்ட தாழ்ந்த அறைகளின் வரிசை.

இந்தப் பங்களாக்களில் குசினி தனிக்கட்டடம். விறகுப் புகையும் வெக்கையும் தீப்பயமும் அதற்குக் காரணங்கள். வேலையாட்களின் பேச்சும் கருவாட்டு வாசமும் வீட்டுக்குள் வராமல் இருப்பதும் ஒரு காரணம்தான், அதை எந்த வரைபடத்திலும் எழுதுவதில்லை. குசினியிலிருந்து வீட்டுக்கு ஒரு கூரையிட்ட நடைபாதை. வடகீழ்ப் பருவமழை கொட்டும் மார்கழியில் அந்தக் கூரை இல்லாவிட்டால் சூப்பில் பாதி மழைத்தண்ணீராகத்தான் மேசைக்கு வரும். சாப்பாட்டு அறைக்கு ஒட்டிய பான்றி என்ற சிறு அறையில் உணவு பீங்கானுக்கு மாறும். குசினிக்காரர் அதுவரைதான் வரலாம்; அங்கிருந்து வெள்ளைச் சட்டை போட்ட பரிமாறுபவர் கொண்டுபோவார்.

பங்கா எனப்பட்ட கையிழுப்பு விசிறியின் கதை இன்னும் நுட்பமானது. கூரையில் தொங்கும் நீண்ட துணிச்சட்டத்தில் கட்டிய கயிறு ஒரு கப்பியில் ஓடி, சுவரின் மேற்பகுதியிலுள்ள துளைவழியே விறாந்தைக்குப் போகும். அங்கே ஒருவர் குந்தியிருந்து இரவு முழுதும் இழுப்பார். காற்று உள்ளே, இழுப்பவர் வெளியே. அவரை வீட்டார் கவனிப்பது அவர் கண்ணயர்ந்து பங்கா நின்றபோது மட்டுமே.

தெற்காசியாவுக்கே உரிய பின்படிக்கட்டு ஒன்றும் உண்டு. கல்கத்தா போன்ற நகரங்களின் மாடி வீடுகளில், குளியலறையின் வெளிக்கதவிலிருந்து சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் இரும்புப் படி. கழிவுப் பாத்திரத்தை எடுக்க வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் மேலேறி, வேலையை முடித்து, அதே வழியில் இறங்கிப் போவார். கோல்ஸ்ஹில்லில் சட்டிக்காக எழுந்த படிக்கட்டு இங்கே சட்டியோடு மனிதரையும் விலக்கி வைத்தது. ஐரோப்பியரின் கூச்சமும் நம்மவர் தீண்டாமையும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போன இடம் வேறில்லை. ஒற்றைத்தளப் பங்களாவில் படி தேவைப்படவில்லை. குளியலறையின் பின்கதவே போதும். வாளிக் கக்கூசு முறை வந்தபோது இலங்கையின் நகர நிர்வாகங்கள் இவ்வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து, ஊரின் ஓரத்தில் லைன் அறைகளில் குடியேற்றின.

வீட்டு வேலையாட்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. அப்பு எனப்பட்ட தலைமைப் பணியாளர் சாவிக்கொத்து வைத்திருப்பார். ஆயா மட்டும் பிள்ளைகளின் அறையிலோ அதன் வாசலிலோ பாய் போட்டுப் படுப்பார். பின்வளவு அறை அவருக்குப் பெயரளவில்தான். அடுக்களை எடுபிடிக்குப் பொடியன் ஒருவன். அவனுக்கு அறைகூடக் கிடையாது, குசினித் திண்ணைதான். டோபி உடுப்போடு வந்து உடுப்போடு போவார்.

இந்த அமைப்பைக் குலைத்தது சட்டமல்ல, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும். விசிறி வந்ததும் சுவர்த்துளை அடைபட்டது. மலக்குழியோடு கூடிய கழிப்பறை வந்ததும் வெளிக்கதவு ஆணியடிக்கப்பட்டது. 1957இல் திருகோணமலையின் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தளத்துக்குள் இருக்கும் மனைகளுக்கு இன்றும் பொதுமக்கள் நினைத்தபடி போய்வர முடியாது. பிற இடங்களில் உள்ள பழைய பின்வளவு அறைகள் களஞ்சியமாகவோ வாடகை அறையாகவோ மாறிவிட்டன. பாதுகாக்கக் கிளம்புகிறவர்கள் முகப்புத் தூண்களுக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள், இவற்றை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்குகிறார்கள். கொழும்பின் புதிய மாடிக் குடியிருப்புகளிலோ குசினிக்குப் பின்னால் கட்டில் ஒன்று மட்டும் கொள்ளும் அறை, தனிக் கழிப்பறை, பணியாளருக்கென வேறு வாசல் என்று திட்டம் வரைகிறார்கள். அந்த அறைகளுக்கு வந்து சேர்பவர்களில் மலையகத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் பலர்.